‘நாங்களும் காலனியிலதான் இருந்தோம்’: என் மகன் சொன்னதில் என்ன தப்பு?

விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் மற்ற அடையாளங்களையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. பிறந்தது முதல் சென்னை வாசம். மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதால் சென்ற ஜூன் மாதம் குடும்பத்தோடு சொந்த ஊருக்கு வந்துவிட்டார்கள். பையன் புத்தகப் புழு. அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரி படிப்பவன். புதுப் பள்ளியில் கிடைத்த முதல் நண்பனிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டிருக்கிறான்: “உன் வீடு காலனியிலயா? நாங்களும் மெட்ராஸ்ல காலனியிலதான் இருந்தோம்.” கேட்ட பையன் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான். பக்கத்தில் இருந்த மூன்று நான்கு பேர் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் வகுப்பாசிரியர் அழைத்துப் பேசியிருக்கிறார். அந்தப் பையனின் அம்மாவும் வந்திருந்தார். “இந்த வார்த்தைய எம்புள்ள பள்ளிக்கூடத்துலயும் கேக்கணுமா?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இதற்குச் சில வாரங்களுக்கு முன் இன்னொன்று. உறவில் ஒரு துக்க வீடு. வாசலில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் இவன், “தாத்தா எத்தனை மணிக்குச் செத்தாரு?” என்று கேட்டுவிட்டான். அப்பா முதுகில் ஒன்று வைத்தார். “புள்ளைக்கு நாக்குல சனி” என்றார் பாட்டி.

இப்போது பையன் பள்ளியில் யாரோடும் அதிகம் பேசுவதில்லையாம். இரவில், “அவன் ஏம்மா எந்திரிச்சுப் போனான்?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறானாம். கணவரோ, “மனசு சுத்தமா இருந்தா போதும், வார்த்தையில என்ன இருக்கு?” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ‘வன்கொடுமை வழக்கு வரலாம்’ என்று பயமுறுத்தியிருக்கிறார். தாயின் கேள்விகள் இவை. அவன் தப்பு செய்தானா? மன்னிப்பு கேட்க வேண்டுமா? அவனுக்கு ஏதாவது குறைபாடா, டாக்டரிடம் காட்டவா? இனிமேல் இந்த மாதிரி சொற்களைப் பட்டியல் போட்டுத் தடுத்துவிடலாமா? கடைசியில் ஒரு வரி: “நாங்கள் வீட்டில் சாதி என்ற பேச்சையே எடுத்ததில்லை.”

அன்புச் சகோதரி,

முதலில் டாக்டர் கேள்வியை முடித்துவிடுகிறேன். நண்பன் ஏன் எழுந்து போனான் என்று இரவில் தூங்காமல் கேட்கிற குழந்தை, அடுத்தவர் முகத்தைப் படிக்கத் தெரியாத குழந்தை இல்லை. முகம் மாறியதைப் பார்த்துவிட்டான், காரணம்தான் பிடிபடவில்லை. சிறு வயதிலிருந்தே கேலி, விளையாட்டுப் பேச்சு எதுவும் புரியாமல் இருந்தால், நண்பர்களே சேராமல் இருந்தால், அன்றாட ஒழுங்கு கொஞ்சம் மாறினாலும் தாங்க முடியாமல் தவித்தால், ஒரு முறை மனநல நிபுணரிடமோ பேச்சு மொழி நிபுணரிடமோ காட்டுங்கள் என்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

வயதும் ஒரு காரணம். சாலமன் ஆஷ், ஹாரியட் நெர்லோவ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இனிப்பு, குளிர்ச்சி, கடினம் போன்ற சொற்களைக் குழந்தைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். மூன்று நான்கு வயதில் இனிப்பு என்றால் சர்க்கரை மட்டும்தான். மனிதரை இனிமையானவர் என்று சொல்லலாம் என்பதே அவர்களுக்கு விசித்திரம். பிறகு அந்த வழக்கு பழகுகிறது. ஆனால் சர்க்கரைக்கும் மனிதருக்கும் ஏன் ஒரே சொல் என்று விளக்கிச் சொல்வது பத்துப் பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் வருகிறது. சொல்லுக்குள் இருக்கும் இரண்டாவது அடுக்கு உங்கள் மகனுக்கு இப்போதுதான் திறக்கிறது. சொல்லின் நேர்ப்பொருளையும் அது சுமக்கும் உணர்ச்சியையும் பிரித்துப் பார்க்கும் பாடத்தை நடுநிலைப் பள்ளி வயதில் வைத்திருப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அவனுடைய ஆங்கில ஆசிரியர், ஒல்லியைக் குறிக்கும் மூன்று சொற்களைக் கொடுத்து எது பாராட்டு, எது கிண்டல் என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான். தாளில் வாங்கிவிட்டான், சாப்பாட்டு மேசையில் தவறவிட்டான். தமிழில் அதே ஆளைக் கொடி போல என்றும் சொல்வோம், நோஞ்சான் என்றும் சொல்வோம். எடை ஒரே நாற்பது கிலோதான்.

அகராதியில் இல்லாதது

உங்கள் மகன் உங்களிடம் ஒரு வாதம் வைத்திருக்கிறான்: “காலனின்னா சேர்ந்து குடியிருக்கிற இடம். அகராதியில அவ்வளவுதான் போட்டிருக்கு. அவன் எதுக்குக் கோவப்படணும்?” நீங்களும் பாதி ஒத்துக்கொண்ட மாதிரி தெரிகிறது. அகராதி தருவதுதான் சொல்லின் அசல் பொருள், மற்றதெல்லாம் கேட்பவரின் அதீத உணர்ச்சி என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அதைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும்.

‘நாற்றம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டாள் சங்கைப் பார்த்து, கண்ணனின் வாய் கற்பூரம் நாறுமோ, தாமரைப்பூ நாறுமோ என்று ஏங்கிக் கேட்கிறாள். அன்றைக்கு நாறுதல் மணத்துக்கு உரிய சொல். இன்றைக்கு உங்கள் மாமியார் வைத்த மீன்குழம்பை “நல்லா நாறுதே” என்று சொல்லிப் பாருங்கள். ‘பழைய தமிழில் அது பாராட்டு’ என்ற விளக்கம் உங்களைக் காப்பாற்றாது.

காலனிக்கு வருவோம். லத்தீனில் குடியேற்றம் என்று இருந்த சொல், ஆங்கிலம் வழியே நமக்கு வந்தது. சென்னையில் அது ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் மனை பிரித்துக் கொடுத்த நகரின் பெயர். கேட்டவுடன் மனதில் வருவது வேப்பமரம், இரும்புக் கேட், நாளிதழ் போடும் பையன். அதே சொல் உங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் வேறொரு வேலை பார்க்கிறது. அங்கே ‘ஊர்’ ஒரு பக்கம், ‘காலனி’ ஒரு பக்கம். பட்டியல் சாதி மக்களை ஊருக்கு வெளியே நிறுத்திய கோட்டின் மறுபக்கத்துக்கு அதுதான் பெயர். “காலனிக்காரனா?” என்று அங்கே ஒருவர் கேட்டால், அது விலாசம் விசாரிப்பது ஆகாது. எந்த டம்ளரில் டீ கொடுப்பது, திண்ணையில் உட்கார விடுவதா என்று முடிவு செய்வதற்காகக் கேட்கப்பட்ட கேள்வி அது. அந்தப் பையன் அதை உங்கள் மகன் வாயிலிருந்து முதல் முறையாகக் கேட்கவில்லை. அவன் டப்பாவை மூடியது முன்பு கேட்ட அத்தனைக்கும் சேர்த்து.

இது உங்கள் ஊரார் சிலரின் மனக்குறை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின், காலனி என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டது, அதை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று அறிவித்தார். ஓர் அரசே ஒரு சொல்லின் நேர்ப்பொருளை விட்டுவிட்டு, அது சுமக்கும் வலியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஏழாம் வகுப்புப் பையனுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பயிற்சி நூலிலும் கிடைக்காது.

இதற்கு முன் அந்த இடத்தில் இருந்த சொல் ‘சேரி’. அதுவும் பிறக்கும்போது வசையில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பிராமணர்கள் குடியிருந்த பகுதிகளும் சேரிதான். வேளச்சேரி, புதுச்சேரி என்று இன்றும் ஊர்ப் பெயர்களில் கூச்சமில்லாமல் நிற்கிறது. பிறகு அது ஒடுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்கு மட்டும் என்று ஒட்டிக்கொண்டது, இழிவு ஏறியது. காலனி வந்தது, அதிலும் இழிவு ஏறியது. என் கணிப்பு, நாளை எந்தப் புதுச் சொல் வந்தாலும் அந்தக் கோடு அழியாதவரை அதிலும் ஏறும். சொல்லை மாற்றுவது வீண் என்று சொல்ல வரவில்லை. தினமும் அடிபடுகிறவனுக்கு ஒரு நாள் அடி குறைந்தாலும் லாபம்தான். ஆனால் சொல் தானாக அழுக்காவதில்லை என்பதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள்.

அவன் ஆங்கிலத்தில் ஆர்வமுள்ளவன் என்பதால் இதையும் சொல்கிறேன். ‘பரையா’ என்று ஓர் ஆங்கிலச் சொல், ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்ற பொருளில், சொற்பட்டியல்களில் இன்றும் வருகிறது. ஆங்கிலப் பத்திரிகைகள் நாடுகளுக்குக்கூட அதைச் சர்வசாதாரணமாகப் போடுகின்றன. அது பறை என்ற இசைக்கருவியோடு சேர்ந்த நம் ஊர்ச் சமூகம் ஒன்றின் பெயர். ஐரோப்பியர் அதை எடுத்துப்போய் இழிசொல்லாக்கி, நமக்கே பாடமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவன் கட்டுரையில் அதை எழுதிவிட்டு வந்து நிற்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

“மனசு சுத்தமா இருந்தா போதும்”

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. உள்நோக்கம் இல்லை என்பது உங்கள் மகனைத் தண்டிக்கக் கூடாது என்பதற்கு நல்ல காரணம். மற்றவனுக்கு வலிக்கவில்லை என்பதற்கு அது காரணம் ஆகாது. பஸ்ஸில் தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? “வேணும்னு மிதிக்கலயே” என்று வாதாடுகிறோமா? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அந்தப் பழக்கம் உங்கள் கணவருக்கும் கட்டாயம் இருக்கும். நாக்கு பட்டதற்கும் அதையே செய்யச் சொல்லுங்கள்.

நானும் இதில் அடிபட்டவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு குழந்தையின் அறிக்கையில் ‘கற்றலில் மந்தம்’ என்று எழுதினேன். தொழில்முறையாக ஒரு விவரம், அவ்வளவுதான் என் நினைப்பு. குழந்தையின் அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன்பின் வரவே இல்லை. அவருக்குத் தேவைப்பட்ட உதவி என் ஒரு சொல்லால் நின்றுபோனது. ‘மெதுவாகக் கற்கிறான், கூடுதல் நேரம் கொடுங்கள்’ என்று எழுதியிருந்தால் தகவல் துளிகூடக் குறைந்திருக்காது.

வழக்கு வருமா?

வராது என்றே நினைக்கிறேன். பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. இங்கே அந்த எண்ணமே இல்லை. தவிர 18 வயதுக்குட்பட்டவர்களின் விவகாரம் எதுவானாலும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் வழியாகத்தான் போகும். 12 வயதுப் பையனைப் பெரியவர்களை நடத்துவதுபோல் நடத்த முடியாது. மேலும் சந்தேகம் இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் வேண்டாம்.

ஏனென்றால் அந்தப் பயமே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்தத் தாய் வழக்கு என்று ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பிள்ளைக்கு வலித்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதை ‘கேஸ் போடுவாங்க’ என்று திருப்புகிறவர்கள், வலித்தவரை ஆபத்தானவராக மாற்றுகிறார்கள். பயத்தில் கேட்கிற மன்னிப்பு அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

மன்னிப்பு கேட்பது எப்படி

கேட்க வேண்டும். எங்கே, எப்படி என்பதில்தான் கவனம் தேவை. வகுப்பு முன்னால் நிறுத்தி மன்னிப்பு கேட்க வைக்கலாமா என்று ஆசிரியர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பையன் எங்கே குடியிருக்கிறான் என்பதை நாற்பது பேர் முன்னால் இன்னொரு முறை அறிவிப்பதாகத்தான் அது முடியும். அப்படியே விட்டுவிட்டால் காலப்போக்கில் சரியாகிவிடும் என்பது உங்கள் கணவரின் யோசனை. அவன் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொள்வான், அதைச் சரியாகிவிட்டதாக நாம் எடுத்துக்கொள்வோம். பலகாரப் பையோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பதும் நல்லதல்ல. உங்கள் மனநிம்மதிக்காக அவர்கள் உபசரிக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

இருவரும் தனியாக இருக்கும்போது இரண்டு வரி போதும். “நான் அன்னைக்கு அந்த வார்த்தையச் சொன்னது தப்புடா. அதுக்கு இங்க என்ன அர்த்தம்னு எனக்கு அப்பத் தெரியாது, இப்பத் தெரியும். இனி சொல்ல மாட்டேன்.” அதற்குமேல் சென்னை, அகராதி என்று விளக்கம் ஆரம்பித்தால் மன்னிப்பு நழுவி வாதமாகிவிடும். “சாரி கேட்டுட்டேன்ல, பேசு” என்று நெருக்கவும் கூடாது. அவன் உடனே பேசாமல் போகலாம், அது அவன் உரிமை. நீங்கள் அந்தத் தாயை வழியில் பார்த்தால் நேராகவே சொல்லுங்கள்: “எங்க பையனுக்கு நாங்க சொல்லித் தந்திருக்கணும், தரல.”

இன்னொன்று. உங்கள் மகன் தெரியாமல் சொன்னான். சிரித்த மூன்று நான்கு பேருக்குப் பொருள் தெரிந்திருந்தது, தெரிந்ததால்தான் சிரித்தார்கள். பள்ளி உங்களை மட்டும் அழைத்துப் பேசிவிட்டு அவர்களை விட்டுவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. தலைமை ஆசிரியரிடம் இதைப் பணிவாக, ஆனால் எழுத்தில் கொடுங்கள். உங்கள் மகனைக் காப்பாற்றுவதற்காக என்று எழுத வேண்டாம். அந்தப் பையன் நிம்மதியாகச் சாப்பிடுவதற்காக என்று எழுதுங்கள்.

இப்போது உங்கள் கடைசி வரி. வீட்டில் சாதிப் பேச்சே எடுத்ததில்லை என்பதை நல்ல வளர்ப்புக்குச் சான்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மனம் புரிகிறது. ஆனால் பேசாமல் இருக்க உங்களால் முடிந்தது. அந்த வீட்டில் முடிந்திருக்காது. அந்தப் பையனுக்கு ஆறேழு வயதிலேயே யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள், எந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருக்கும், யார் வீட்டில் தண்ணீர் கேட்கக் கூடாது என்று. உங்கள் மகனுக்கு 12 வயதுவரை தெரியாமல் இருந்தது ஒரு சௌகரியம். இந்த வாரம் அவனோடு உட்கார்ந்து, ஊர் ஏன் இரண்டாகக் கிடக்கிறது என்று சொல்லுங்கள். அவனுடைய ஆதார் அட்டையில் பழைய முகவரி இன்னும் மாறவில்லை என்றால் அதிலிருந்தே தொடங்கலாம். இந்தக் காலனியும் அந்தக் காலனியும் எப்படி ஒரே எழுத்தில் எழுதப்படுகின்றன என்று அவனே கேட்பான்.

வீட்டில் செய்யக்கூடியது

தடைப் பட்டியல் வேண்டாம். ஏற்கெனவே வாயை மூடிக்கொண்டிருக்கிற பிள்ளை அது. பட்டியல் போட்டால் இன்னும் மூடுவான், இல்லையென்றால் அதையே ஆயுதமாக்கி மற்றவர்களைத் திருத்தக் கிளம்புவான். இரண்டுமே பார்த்திருக்கிறேன்.

இது ஏதோ ஆங்கிலப் பாடத்தில் வந்த புதுச் சமாச்சாரம் என்று நினைக்கிறீர்கள். 13-ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி ‘தகுதி வழக்கு’ என்று மூன்றைச் சொல்லியிருக்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது, அமங்கலத்தை மாற்றிச் சொல்வது, ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வேறு சொல் வைத்துக்கொள்வது. செத்தார் என்பதற்குத் துஞ்சினார், சுடுகாட்டுக்கு நன்காடு, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது, எல்லாம் அதன் உரைகளில் வரும் உதாரணங்கள்தான். பையன் பரீட்சைக்கு உருப்போட்டுவிட்டுப் போகிற பகுதி அது. துக்க வீட்டில் அவன் வாங்கிய அடிக்குப் பதில் யாராவது அன்றே இதைச் சொல்லியிருக்கலாம்.

அவனை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைப் படித்துவிட்டு வாருங்கள். ஒருவர் காலமானார். ஒருவர் சிவலோகப் பதவி அடைந்தார். கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர் ஒருவர். பகுத்தறிவாளர் வீட்டில் இயற்கை எய்தினார். தெருமுனையில் ‘தவறிட்டார்’ என்பார்கள், பிடிக்காதவன் என்றால் ‘மண்டையைப் போட்டான்’. நடந்தது எல்லோருக்கும் ஒன்றுதான். எந்தச் சொல்லில் யாருடைய நம்பிக்கை இருக்கிறது, யாருடைய வெறுப்பு இருக்கிறது என்று அவனே பிரித்துச் சொல்லட்டும். வீட்டில் விளக்கை அணை என்று சொல்லாமல் ‘குளிர வை’ என்று பாட்டி ஏன் சொல்கிறார், கிளம்பும்போது ‘போறேன்’ என்றால் ஏன் திட்டுகிறார் என்பதையும் அவரிடமே கேட்கட்டும். நாக்கில் சனி என்று சொன்னவர் ஆசிரியராகிவிடுவார்.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வானொலியில் விளையாட்டாக ஒரு வாய்பாடு சொன்னார்: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் முட்டாள்தனமான முரடன் என்ற மாதிரி. நம் வீட்டில் அதைச் சாப்பிடும்போது விளையாடலாம். நான் சிக்கனம், நீ கஞ்சம், அவன் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன். நான் வெளிப்படையாகப் பேசுகிறேன், நீ வெடுக்கென்று பேசுகிறாய், அவனுக்கு வாய்க்கொழுப்பு. பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். பேசுகிறவன் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறான் என்பது சிரிப்போடு சிரிப்பாகப் புரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசியாக. சார்ல்ஸ் ஆஸ்குட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது சகாக்களும் 1957-இல் சொற்களின் உணர்ச்சியை அளக்க ஓர் அளவுகோல் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது, நடுவில் ஏழு கட்டங்கள். வலியது–மெலியது, துடிப்பு–மந்தம் என்று இன்னும் சில ஜோடிகள். ஒரு சொல்லைக் கேட்டதும் யோசிக்காமல் ஒரு கட்டத்தில் புள்ளி வைக்க வேண்டும். வீடு, இல்லம், குடிசை, ஆத்தா, போலீஸ், மழை என்று பத்துச் சொற்களை எழுதுங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் நீங்கள் நால்வரும் புள்ளி வையுங்கள். ‘மழை’க்குப் பாட்டி வைக்கும் புள்ளியும் சென்னை வெள்ளத்தைப் பார்த்த பேரன் வைக்கும் புள்ளியும் ஒரே கட்டத்தில் விழாது. ஒரே வீட்டுக்குள்ளேயே சொல் இப்படிப் பிரிகிறது என்றால் ஊரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பத்தாவது சொல்லாகக் ‘காலனி’யை வையுங்கள். உங்கள் மகன் எங்கே வைப்பான் என்று எனக்குத் தெரியும். உங்கள் கணவரும் மாமியாரும் எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் இருவரும் அந்த ஊரில் வளர்ந்தவர்கள். அந்தச் சொல்லை வீட்டில் எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தாள்களைப் பார்த்த பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.